பலகையில் எழுதிய விலையையே கையில் தருகிற கடை

ஆடி அமாவாசைக்கு அப்பாவின் கடமை செய்யவென்று ரொறன்ரோவிலிருந்து வந்த தங்கச்சி, வந்த மூன்றாம் நாளே என் கையில் ஒரு கடித உறையைத் திணித்தாள். உள்ளே அறுநூறு கனேடிய டொலர். நூறு ஐந்து, இருபது ஐந்து. அதோடு மடிப்பு விழுந்த ஒரு பழைய அமெரிக்க நூறு டொலர் நோட்டு. "அக்கா, இது ஆரோ தந்தது. இங்க மாறுதோ எண்டு பாருங்கோ" என்றாள்.

35 வருடம் வங்கிக் கவுண்டரில் இருந்து மற்றவர்களின் காசை எண்ணியவள் நான். ஓய்வு பெற்றபின் என் சொந்தக் காசை மாற்ற வங்கிக்குப் போனால் பழைய சிநேகிதிகள் தேத்தண்ணி தருவார்கள், ரேட் தரமாட்டார்கள். அதனால் திருகோணமலை மத்திய வீதிக்குள் இருக்கும் ஒரு சிறிய நாணயமாற்றுக் கடைக்குப் போனேன். அந்தக் கடையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். "பேர் எல்லாம் போட வேணாம் மிஸ், தெரிஞ்சவங்க வருவாங்க" என்று கடைக்கார ஹாஜியார் சொல்லிவிட்டதால் பெயரை எழுதவில்லை. பஸ் நிலையப் பக்கமிருந்து மத்திய வீதிக்குள் வந்தால் நகைக்கடைகளுக்கு நடுவே பச்சைப் பலகை. தேடிப் பிடிக்கக் கஷ்டமில்லை.

நேரே அங்கே போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நுழைந்தது வேறொரு கடை. வெளியே மின்விளக்குப் பலகையில் கனேடிய டொலர் 217 என்று சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் உறையைப் பிரித்ததும் அந்த 217 ஆயிரம் டொலருக்கு மேல் கொண்டு வருபவர்களுக்காம். எனக்கு 209. இருபது டொலர் நோட்டுகளுக்கு அதிலும் குறையும். பற்றுச்சீட்டுத் துண்டு தருவீர்களா என்று கேட்டேன். "துண்டு எழுதினா இன்னும் ரெண்டு ரூபா குறையும் அன்ரி" என்றது கவுண்டரிலிருந்த பிள்ளை. அந்த வசனத்தைக் கேட்டதும் உறையை மூடிக் கைப்பையில் வைத்துவிட்டேன். துண்டு எழுதாமல் காசு மாற்றுகிற இடத்தில் என் காசு எந்தக் கணக்கில் போகிறது என்று எனக்கும் தெரியாது, மத்திய வங்கிக்கும் தெரியாது.

பச்சைப் பலகைக் கடையில் மின்விளக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகைபோல ஒரு வெள்ளைப் பலகை, அதில் மார்க்கர் பேனாவால் ஏழெட்டு நாடுகளின் பெயர். அன்று அமெரிக்க டொலர் 300, பிரித்தானியப் பவுண் 402, கனேடிய டொலர் 215.50. கீழே ஒரு வரி: "சிறிய நோட்டுகளுக்கும் இதே விலை. கிழிந்ததும் எழுதியதும் எடுப்பதில்லை." இதுதான் எனக்கு முதலில் பிடித்தது. நூறு நோட்டுக்கு ஒரு விலை, ஐந்துக்கும் பத்துக்கும் இன்னொரு விலை என்பது இந்தத் தொழிலில் வழக்கம். காரணமும் பொய்யில்லை. கடைக்காரர் நம்மிடம் வாங்கும் நோட்டுகளைச் சேர்த்து வங்கிக்கு விற்கிறார். நூறு ஐந்து டொலர் நோட்டை எண்ணுவதும் சோதிப்பதும் ஐந்து நூறு டொலர் நோட்டை எண்ணுவதைப் போல இல்லை. ஆனால் அந்தக் குறைவை வாசலில் எழுதாமல் காசை நீட்டிய பிறகு சொல்வதுதான் எனக்கு ஆகாது.

சுவரில் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம், அந்த வருடத்துக்கானது, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. இதைப் பார்க்க எல்லோரும் பழக வேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் கிடக்கிறது. இந்தக் கடைக்கு வாங்க மட்டும்தான் அனுமதி, விற்பதில்லை. நீங்கள் வெளிநாடு போக டொலர் தேடுகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம்.

ஹாஜியார் அடையாள அட்டையை வாங்கிப் பதிந்தார். நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தார், இயந்திரத்தில் ஒரு முறை, கையால் ஒரு முறை. பிறகு கணக்கு இயந்திரத்தை என் பக்கம் திருப்பிப் பெருக்கிக் காட்டினார்: ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து முந்நூறு. அதே நேரத்தில் என் போனில் வங்கியின் அன்றைய வாங்கும் விலை 211.80. அறுநூறுக்கு இரண்டாயிரத்து இருநூற்றி இருபது ரூபாய் வித்தியாசம். முதல் கடையில் கொடுத்திருந்தால் மூவாயிரத்து தொள்ளாயிரத்துக்கு மேல் போயிருக்கும், துண்டும் இல்லாமல்.

துண்டு கார்பன் தாளில் வந்தது. பெயர், அட்டை இலக்கம், எந்தக் காசு, எவ்வளவு, என்ன விலை, மொத்தம், கையெழுத்து. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்கள் தங்கள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். போகும்போது மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்றப் போனால் இந்தத் துண்டைத்தான் கேட்பார்கள்.

இங்கேதான் நான் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். காரணம், பலகையில் இருந்த பவுண் 402.

அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. அவர் வாயில் கடைசிவரை இருந்த ஒரு எண் 13.33. ஒரு பவுணுக்குப் பதின்மூன்று ரூபாய் முப்பத்து மூன்று சதம். அதாவது ஒரு ரூபாய்க்கு ஒரு சில்லிங் ஆறு பென்ஸ். அவருக்கு அது வாய்ப்பாடு மாதிரி, மாறாத ஒன்று. 1962இல் அம்மாவோடு சிதம்பரம் போனபோது தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, நம் ரூபாய்க்குச் சரியாக ஒரு இந்திய ரூபாய் வாங்கினாராம். இரண்டும் ஒரே எடை. ஒரு அமெரிக்க டொலருக்கு அங்கும் 4.76, இங்கும் 4.76.

1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 என்று இறக்கியது. நாம் இறக்கவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் பவுண் சரிந்தபோது நாமும் சேர்ந்து 20 சதவீதம் இறக்கி 5.95க்கு வந்தோம். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார், "அப்ப இந்தியக் காசு எங்கட காசை விடக் குறைவா?" என்று நம்பாமல் கேட்டார். ஆம், அப்போது குறைவு. இன்று ஒரு இந்திய ரூபாய்க்கு நாம் மூன்று ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த, அதாவது மிகவும் எரிச்சல் தரும், அத்தியாயம். 1968 மே மாதம் அரசாங்கம் ஒரே டொலருக்கு இரண்டு விலை வைத்தது. அரிசி, மா, மருந்து போன்ற அத்தியாவசியங்களுக்கும், தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதிக்கும் பழைய விலை. மற்றவற்றுக்கு வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதன் விலை மேலே 44 சதவீதம். 5.95 அப்போது 8.57 ஆகிறது. பின்னர் அந்த மேலதிகம் 65 சதவீதம் வரை போனது. தேயிலை விற்றவனுக்கு டொலருக்குக் குறைந்த விலை, கடிகாரம் இறக்கியவனுக்கு டொலருக்குக் கூடிய விலை. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இரண்டையும் ஒன்றாக்கி 16 ரூபாயில் தொடங்கியது. அன்று அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இனி ஒரு விலைதான்" என்றார். எனக்கு 14 வயது. அவர் கோபப்பட்டாரா சந்தோஷப்பட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை.

வெளியே பலகையில் ஒரு விலை, உள்ளே இன்னொரு விலை. அந்த முதல் கடையில் எனக்குக் கோபம் வந்தது எட்டு ரூபாய்க்காக மட்டுமில்லை.

கடையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, பழைய நாணயங்கள். விற்பனைக்கில்லை, ஹாஜியாரின் வாப்பா சேர்த்தவை. காசு மாற்றப் போனால் கட்டாயம் குனிந்து பாருங்கள். விக்டோரியா தலை போட்ட செம்புச் சதங்கள், மறுபக்கம் பனை, பக்கத்தில் தமிழும் சிங்களமும். வருடம் 1870. ரூபாயை நூறு சதமாகப் பிரித்து இலங்கையின் சட்டபூர்வமான காசாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1872 ஜனவரியில். அப்போது ஒரு ரூபாய் இரண்டு சில்லிங் மூன்று பென்ஸ். இந்தியர்கள் இன்னும் அணாவும் பைசாவுமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கையில் நாம் பத்துப் பத்தாய் எண்ணத் தொடங்கிவிட்டோம். அவர்கள் அதற்கு 1957 வரை காத்திருந்தார்கள். நம் வீடுகளில் இப்போதும் "ஒரு சதத்துக்கும் உதவாதவன்" என்று ஏசுவதற்கு அந்தச் சட்டம்தான் மூலம்.

ஆனால் அந்தப் பெட்டியில் என்னை நிறுத்தியது வேறொன்று. தேய்ந்த, கைவேலைபோல ஒழுங்கில்லாத ஒரு செம்புக் காசு. ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை, மேலே ஆங்கில 'டி' (T) எழுத்து. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஸ்டைவர் காசு அடித்தபோது, கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி' என்று இடத்தின் முதலெழுத்தைப் போட்டார்கள். 'டி' நம்முடையது, திருகோணமலை. 35 வருடம் காசோடு வாழ்ந்தும் நம்முடைய ஊர்ப் பெயரில் ஒரு காசு இருந்தது எனக்குத் தெரியாது. என்ன விலை என்று கேட்டேன். "அதுக்கு ரேட் போடுறதில்ல மிஸ்" என்று பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

பக்கத்தில் இருந்த சதுர ஐந்து சதத்தைப் பார்த்ததும் அம்மம்மா ஞாபகம் வந்தது. அவருடைய ஓலைக் கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலையும் அந்தச் சதுரக் காசுகளும்தான் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். 1970 ஒக்டோபர் கடைசியில் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது, சில நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். அன்றிரவு அம்மம்மா கொட்டைப்பெட்டியின் அடித்தட்டைப் பிரித்து நான்காய் மடித்த மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். வீட்டில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்பாவின் மாதச் சம்பளமே அவ்வளவு வராது. எதற்காகச் சேர்த்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வங்கி வரிசையில் போய் நின்றார்.

நான் கவுண்டரில் இருந்த காலத்தில் இரண்டு மாற்றங்களைக் கண்ணால் பார்த்தேன். முதலாவது 2001 ஜனவரி 23, ரூபாயைச் சந்தையில் மிதக்க விட்ட நாள். கொழும்பிலிருந்து ஒரு மணிக்கு ஒரு விலை வந்துகொண்டே இருந்தது. பலகையை அழித்து எழுதி விரல் கறுத்தது. அந்த வருடம் முடியும்போது டொலர் 93.

இரண்டாவதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2021 கடைசி முதல் 2022 மார்ச் வரை வங்கியில் டொலர் 203. அதற்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஊக்கத்தொகையாக டொலருக்குப் பத்து ரூபாய் என்றெல்லாம் சேர்த்தார்கள். வெளியே, வங்கிக்குப் புறம்பாகக் காசு அனுப்பும் உண்டியலில் அதைவிட எவ்வளவோ கூட. கட்டாரில் வேலை செய்யும் மகனின் காசுக்காக மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் தாய்மார் கவுண்டரில் நின்று, "பிள்ள, மற்றவங்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கூடத் தாறாங்களே" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வது? உண்டியலில் மகன் அங்கே றியாலைக் கொடுப்பான், இங்கே ஒருவன் ரூபாயைத் தருவான். டொலர் நாட்டுக்குள் வரவே வராது. அது அவர்களுக்கும் தெரியும். இருபது, முப்பது ரூபாய் வித்தியாசத்தில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டு வேலையாட்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8.

மார்ச் 7ஆம் திகதி கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 230 என்றார்கள், மாதம் முடியமுன் 300ஐத் தொட்டது, மே மாதத்தில் 360. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று நாடே அறிவித்தது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் இரண்டு லீற்றர் பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றோம். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு அதன் மேலேயே தூங்கினார்.

அப்போது கடை என்ன செய்தது என்று ஹாஜியாரிடம் நேராகவே கேட்டேன். "பலகையில 203தான் மிஸ். ஒருத்தரும் வரல்ல. பகல் முழுக்க பத்திரிகை வாசிச்சேன்" என்றார். நம்புவதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அந்த நாட்களில் அவரிடம் போய்க் கூடக் கேட்டு வெறுங்கையோடு வந்தவர்கள். அதனால் நம்புகிறேன்.

இனிக் குறைகள். கடையில் ஒரு கதிரை இல்லை. என் வயதுக்காரருக்கு அது பெரிய குறை. ஒரே ஒரு காற்றாடி, அதுவும் ஹாஜியாரின் பக்கம் பார்த்தபடி. காலை பத்து மணிக்கு எழுதிய விலை மாலைவரை அப்படியே இருக்கும், நடுவில் சந்தை ஏறினால் உங்களுக்கு நட்டம், இறங்கினால் லாபம். துண்டில் அச்சடித்தது எல்லாம் ஆங்கிலம். நம் நோட்டிலேயே மூன்று மொழி இருக்கும்போது காசு மாற்றும் துண்டில் ஏன் இல்லை? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பன்னிரண்டுக்கு மூடினால் இரண்டுக்குத்தான் திறப்பார்கள், அது போகட்டும், பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் காசு முழுவதையும் ஐயாயிரம் நோட்டாகத் தருவதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபத்தைந்து ஐயாயிரம், மிச்சம் நாலாயிரத்து முந்நூறு. வீட்டுக்குப் போன ஆட்டோக்காரத் தம்பி ஐயாயிரத்தைப் பார்த்து, "அன்ரி, மாத்தின காசை நான் எங்க மாத்துறது?" என்றார். முன்கூட்டியே கேட்டால் ஐந்நூறும் ஆயிரமும் எடுத்துத் தருகிறார், நான்தான் கேட்கவில்லை.

இன்னொன்று, வாசலில் காகிதப் பையோடு நிற்காதீர்கள். பஸ் நிலையப் பக்கம் திரியும் மான்கள் இங்கேயும் வருகின்றன. நான் துண்டைப் பையில் வைப்பதற்குள் ஒரு கிளைமான் கச்சான் சரையோடு சேர்த்து அதையும் இழுத்தது. கார்பன் பிரதியை ஹாஜியார் பார்த்து இன்னொரு துண்டு எழுதித் தந்தார், முகம் சுளிக்காமல்.

சரி, அந்தப் பழைய நூறு டொலர். அது 1990ஆம் ஆண்டு நோட்டு, சிறிய தலை. அமெரிக்கா 1996இல் தலையைப் பெரிதாக்கிப் புது வடிவத்தில் நூறு டொலர் அடித்தது. பழையது அங்கே இன்றும் செல்லும், ஆனால் இங்கே யாரும் எடுக்கப் பயப்படுவார்கள். முதல் கடையில் அதற்கு இருபதாயிரம் தருகிறோம் என்றார்கள், ஏதோ தர்மம் செய்வதுபோல. ஹாஜியார் பூதக்கண்ணாடியில் பார்த்தார், தடவிப் பார்த்தார். "நல்ல நோட்டு மிஸ். ஆனா என்கிட்ட வாங்க வங்கி தயங்கும், அதால உங்ககிட்ட நான் குறைச்சு எடுக்க வேணும். அது சரியில்ல. தங்கச்சியிட்ட குடுத்து விடுங்க, அங்க வங்கியில போடட்டும்" என்று மடிப்பை நீவித் திரும்பத் தந்தார்.

தங்கச்சி போய் ஒரு கிழமைக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வங்கித் துண்டின் படம் அனுப்பினாள். நூறும் முழுதாக ஏறியிருந்தது.